திருடனுக்கு 1,200, மந்திரவாதிக்கு 2,500: ஏன் இந்த வித்தியாசம்?

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நகர்த்தும் விளையாட்டுகளில் சாகசத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணே அனுபவப் புள்ளி. போதிய அளவு சேர்ந்தால் பாத்திரம் அடுத்த நிலைக்கு உயரும். 1981-இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ அடிப்படை விதிகளில் இரண்டாம் நிலையை எட்டத் திருடனுக்கு 1,200 புள்ளி போதும். போர்வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. வாளும் மந்திரமும் ஒருங்கே கைவந்த எல்ஃப் என்ற கற்பனை இனத்தவனுக்கு 4,000.

காரணம், பின்னால் வரும் பலம். முதல் நிலை மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே மந்திரம். ஓர் அடி பலமாக விழுந்தால் ஆள் காலி. அவனே ஐந்தாம் நிலையில் தீக்கோளம் வீசி ஒரு கும்பலையே சாய்ப்பான். அந்த நாளைத் தள்ளிப்போடத்தான் பெரிய இலக்கு. காவிரி டெல்டாவில் இது தெரிந்த கணக்கு: குறுவைக்கு நடும் ஆடுதுறை 36 நெல் ஏறத்தாழ 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும்; சம்பாவுக்கான சி.ஆர். 1009 ஐந்து மாதம் வயலில் நிற்கும்.

ஆளுக்கு 2,500 புள்ளி சேர்ந்திருக்கும்போது திருடன் மூன்றாம் நிலை, மந்திரவாதி இரண்டு, எல்ஃப் இன்னும் ஒன்று. ஆனாலும் என் பார்வையில் இது அரைகுறைச் சமன்தான்: மூன்றாம் நிலைத் திருடனுக்கும் பூட்டைத் திறக்கும் வாய்ப்பு வெறும் 25 சதவீதம்! 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாப் பாத்திர வகைகளுக்கும் ஒரே புள்ளி அட்டவணையை வைத்துவிட்டது.

திருடனுக்குப் புள்ளிகளை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சாகசத்தில் கிடைப்பது எல்லோருக்கும் சம பங்குதான், எட்ட வேண்டிய இலக்குதான் வேறு.