வாசகர் கேள்வி: நான் அந்த லிஸ்ட்ல இருக்கேனா?

போன இதழ்ல ஜெபம் பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே பயம்தான். முன்குறித்தல், தீர்க்கதரிசனம், கடைசி காலம். அதனால இந்த தடவை மத்த கேள்விகளை ஒதுக்கி வச்சுட்டு இதையே எடுத்துக்கறேன்.

கே: உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே யார் யார் ரட்சிக்கப்படணும்னு கடவுள் முடிவு பண்ணிட்டாருன்னு எங்க பாஸ்டர் மூணு வாரமா பிரசங்கம் பண்றார். நான் அந்த லிஸ்ட்ல இல்லன்னா என்ன ஜெபம் பண்ணி என்ன பிரயோஜனம்? ராத்திரி தூக்கமே வர்றதில்ல.

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க பாஸ்டர் இல்லாததை சொல்லல. ரோமர் 8லயும் எபேசியர் 1லயும் முன்குறித்தார்ங்கற வார்த்தை அப்படியே இருக்கு. ஆனா அதை யாருக்கு எழுதினாங்கன்னு பாருங்க. ரோமர் 8ல "எவர்களை முன்குறித்தாரோ அவர்களை அழைத்துமிருக்கிறார்"னு சொல்லிட்டு அஞ்சு வசனம் தள்ளி பவுல் என்ன கேக்கறாருன்னா, உபத்திரவமோ, பசியோ, பட்டயமோ, எது நம்மை கிறிஸ்துவோட அன்பை விட்டு பிரிக்க முடியும்ங்கறார். அடி வாங்கிட்டு இருந்த ஜனங்களுக்கு "உங்களை விடமாட்டார்"னு சொல்ல வந்த வார்த்தை அது. அதையே எடுத்து, உள்ள வரலாமா வேண்டாமான்னு வாசல்ல நிக்கற ஒருத்தன் முகத்துல கதவை சாத்தறதுக்கு பயன்படுத்தினா எனக்கு மனசு ஆறல.

சபைகளுக்குள்ள இது பழைய சண்டை. அஞ்சாம் நூற்றாண்டுல, ரட்சிப்பு முழுக்க கடவுளோட கிருபைன்னு சொன்ன அகஸ்டினுக்கும், மனுஷனோட சொந்த மனசுக்கும் அதுக்கு பலம் இருக்குன்னு சொன்ன பெலாகியுஸுக்கும் நடுவுல நடந்துச்சு. அப்புறம் பதினாறாம் நூற்றாண்டுல கால்வின் வந்தார், யாரை ரட்சிக்கணும்னு கடவுளே முடிவு பண்றார்னார், அவர் வழியில படிச்ச அர்மீனியுஸ் என்ன சொன்னார்னா கடவுள் யார் விசுவாசிப்பாங்கன்னு முன்னாடியே அறிஞ்சு தெரிந்துகொள்றார், கிருபையை மனுஷன் தள்ளிவிடவும் முடியும்னார். அவர் 1609ல இறந்துட்டார், அடுத்த வருஷம் அவரோட ஆட்கள் அஞ்சு பாயின்ட் எழுதி கொடுத்தாங்க, 1618ல நெதர்லாந்துல டார்ட் ஊர்ல பெரிய சங்கம் கூடி மாசக்கணக்கா பேசி அந்த அஞ்சையும் தள்ளிடுச்சு. ஆனா அதோட முடியல, பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து பிரசங்கியார் வெஸ்லி அர்மீனியுஸ் பக்கம், அவரோட நண்பர், இன்னொரு பிரசங்கியார் விட்ஃபீல்ட் கால்வின் பக்கம், ரெண்டு பேரும் இதுக்காக பகிரங்கமாவே மோதினாங்க. 1770ல விட்ஃபீல்ட் இறந்தப்ப அவருக்கு நினைவு பிரசங்கம் பண்ணினது யாருன்னு நினைக்கறீங்க, வெஸ்லிதான். இதை நான் அடிக்கடி நினைச்சுக்குவேன்.

உங்க ராத்திரிக்கு நான் ஒரே ஒரு வசனம் தர்றேன், யோவான் 6:37. "பிதாவானவர் எனக்குக் கொடுக்கிறயாவும் என்னிடத்தில் வரும்" இது முதல் பாதி, முன்குறித்தல் பேசறவங்க பிடிச்சுக்கற பாதி. ரெண்டாவது பாதி "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை." ரெண்டையும் இயேசு ஒரே மூச்சுல சொல்றார். முதல் பாதி அவர் கையில இருக்கு, அதை நீங்க எட்டிப்பாக்க முடியாது. ரெண்டாவது பாதி உங்க கையில கொடுத்திருக்கார். லிஸ்ட்ல பேர் இருக்கான்னு தேடாதீங்க, வாங்க, அவ்ளோதான். கால்வினே இதைத்தான் சொன்னார், நாம தெரிந்துகொள்ளப்பட்டவங்களான்னு பாக்கற கண்ணாடி கிறிஸ்துதான், நமக்குள்ளயே தோண்டிப் பாத்தா கிடைக்காதுன்னு.

கே: ஒரு கூட்டத்துல ஊழியர் என் தலையில கை வச்சு "இந்த வருஷம் முடியறதுக்குள்ள உனக்கு குழந்தை"ன்னு தீர்க்கதரிசனம் சொன்னார். ரெண்டு வருஷம் ஆச்சு. கேட்டா "உனக்கு விசுவாசம் பத்தல"ங்கறாங்க.

சகோதரி, இதை படிச்சதும் எனக்கு கோவம்தான் வந்துச்சு, உங்க மேல இல்ல. உபாகமம் 18:22 தெளிவா சொல்லுது, கர்த்தர் பேர்ல சொன்னது நடக்கலன்னா அதை கர்த்தர் சொல்லல, அந்த தீர்க்கதரிசி தன் துணிச்சல்ல சொன்னது. கேட்டவங்களுக்கு விசுவாசம் பத்தலன்னு அங்க ஒரு வார்த்தை கூட இல்ல.

எரேமியா 28ஐ ஒருதடவை படிங்க. அனனியான்னு ஒருத்தர், பாபிலோனுக்கு சிறையா கொண்டு போகப்பட்டவங்க எல்லாரும் ரெண்டே வருஷத்துல திரும்பி வருவாங்கன்னு ஜனங்க முன்னாடி சொல்றார். எரேமியா உடனே சண்டைக்கு போகல, "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக"ங்கறார். அவருக்கும் அது நடக்கணும்னு ஆசை! ஆனா உண்மை அது இல்ல, எழுபது வருஷம்னுதான் கர்த்தர் சொல்லியிருந்தார். ஜனங்களுக்கு என்ன பிடிக்குமோ அதை சொல்றது சுலபம், குழந்தைக்காக ஏங்கற ஒரு பொண்ணுகிட்ட குழந்தைன்னு சொல்றது அதைவிட சுலபம்.

நாப்பது நாள்ல நினிவே பட்டணம் அழியும்னு யோனா சொன்னது நடக்கலையேன்னு கேப்பாங்க. நினிவே மனந்திரும்பினதால வர இருந்த தண்டனை நின்னுச்சு. உங்க விஷயம் அது இல்ல. பவுல் 1 கொரிந்தியர் 14ல தீர்க்கதரிசிகள் பேசினா மத்தவங்க நிதானிக்கணும்னு எழுதியிருக்கார், அதனால நீங்க கேள்வி கேட்டது பாவம் இல்ல. டாக்டரை பாக்கறதை நிறுத்தியிருந்தா மறுபடி போங்க.

கே: வர்ற வருஷம் இயேசுவோட ரெண்டாம் வருகைன்னு வீடியோல கணக்கு போட்டு காட்றாங்க. ஃபைனல் இயர் படிக்கறேன். படிப்பை விட்டுட்டு ஊழியத்துக்கு போயிடலாமா?

படிப்பை முடிங்க. 1844 அக்டோபர் 22னு அமெரிக்க பிரசங்கியார் வில்லியம் மில்லரோட ஆட்கள் தேதி குறிச்சாங்க, தானியேல் 8ல இருக்கற 2300 நாளை வருஷமா எடுத்து கிமு 457ல இருந்து எண்ணினாங்க. கணக்கு தப்பில்ல, கிமு 1க்கு அடுத்தது நேரா கிபி 1, நடுவுல சைபர் வருஷம் இல்லன்னு வச்சு கூட்டி பாத்தா 1844 வருது! அமெரிக்காவுல ஆயிரக்கணக்கானவங்க காத்திருந்தாங்க, சிலர் அறுவடைகூட பண்ணல, விடியற வரைக்கும் அழுதாங்க. 2011 மே 21னு அமெரிக்க ரேடியோ பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் சொன்னார், நடக்கலன்னதும் அக்டோபர் 21னார், அடுத்த வருஷம் தேதி சொன்னது பாவம்னு அவரே ஒத்துக்கிட்டார். அதுக்குள்ள சேமிப்பை எல்லாம் விளம்பரத்துக்கு கொடுத்தவங்க இருந்தாங்க.

எங்க பெரியப்பாவோட பைபிள் இப்ப என்கிட்ட இருக்கு. தானியேல் 9 ஓரத்துல பென்சில்ல ஒரு வருஷம் எழுதி அழிச்சு, மேலயே இன்னொண்ணு எழுதி அதையும் அழிச்சு, அந்த இடத்துல பேப்பர் தேஞ்சு அடுத்த பக்கத்து எழுத்து தெரியும். கடைசியா அங்க எந்த வருஷமும் இல்ல. கீழ மத்தேயு 24:36னு மட்டும் எழுதி கோடு போட்டிருக்கார், அந்த நாளும் நாழிகையும் பிதாவுக்கு மட்டும்தான் தெரியும்னு இயேசு சொன்ன வசனம். ஊழிய அழைப்பு உண்மையா இருந்தா அது டிகிரி வாங்கினதுக்கு அப்புறமும் இருக்கும்.

கே: 666 தான் பார்கோட், சிப்னு சொல்றாங்களே?

666ங்கறது வெளிப்படுத்தின விசேஷம் 13ல வர்ற மிருகத்தோட எண். யோவான் அந்த புஸ்தகத்தை ஆசியா மைனர்ல (இன்னைக்கு துருக்கி) இருந்த ஏழு சபைகளுக்கு எழுதினார், அவங்க புரிஞ்சுக்கணும்னுதான் கணக்கு பாக்க சொல்றார். கிறிஸ்தவங்களை கொடுமைப்படுத்தின ரோம ராஜா நீரோ சீசரோட பேரை, கிரேக்கத்துல சொல்ற மாதிரி நீரோன்னு வச்சு, எபிரேய எழுத்துல எழுதி ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்ணை கூட்டினா 666 வரும், நீரோன்ல இருக்கற கடைசி "ன்" எழுத்தை விட்டா 616, சில பழைய பிரதிகள்ல 616னே இருக்கு. நிறைய அறிஞர்கள் இதைத்தான் ஏத்துக்கறாங்க. இந்த எண்ணை அந்திக்கிறிஸ்துவோட சேர்த்து பேசறாங்க, ஆனா அந்திக்கிறிஸ்துங்கற வார்த்தை வெளிப்படுத்தின விசேஷத்துல ஒரு இடத்துலயும் கிடையாது, யோவானோட நிருபங்கள்லதான் இருக்கு.

கே: அம்மா போன வருஷம் இறந்துட்டாங்க. இரகசிய வருகை வந்தா உயிரோட இருக்கறவங்கதானே போவாங்க, அம்மா விடுபட்டு போயிடுவாங்களா?

இரகசிய வருகைன்னு தனியா ஒண்ணு, ஏழு வருஷ உபத்திரவம், அப்புறம் பகிரங்க வருகைன்னு பிரிச்சு சொல்றது 1830கள்ல ஜான் டார்பிங்கற பிரசங்கியார் காலத்துல இருந்து பரவினது, கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸும் லுத்தரன் சபைகளும் அப்படி போதிக்கறதில்ல. அது இருக்கட்டும். நீங்க கேட்ட இதே கேள்வியை தெசலோனிக்கே சபையில கேட்டிருக்காங்க, அவங்க வீட்டுலயும் ஆட்கள் இறந்து போயிருந்தாங்க. அதுக்கு பதிலாத்தான் பவுல் 1 தெசலோனிக்கேயர் 4 எழுதினார். உயிரோட இருக்கறவங்க முந்திக்க மாட்டாங்க, கிறிஸ்துவுக்குள் மரிச்சவங்க முதல்ல எழுந்திருப்பாங்கன்னு. அம்மா உங்களுக்கு முன்னாடி.