கோல்ஃப் பையோடு நியூசிலாந்து: கேட்டவையும் சொன்னவையும்

வெல்லிங்டனில் குடியேறி 17 வருடம் ஆகிறது. ஹேண்டிகேப் (கோல்ஃபில் ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 16, மனைவி ஊரில் இல்லாத மாதங்களில் 14. சென்னை, கோவை, லண்டன் என்று எங்கிருந்தோ கோல்ஃப் பையோடு வந்து இறங்கும் நண்பர்களையும், நண்பர்களின் நண்பர்களையும் இங்குள்ள மைதானங்களுக்குக் கூட்டிப்போவது எனக்குச் சம்பளமில்லாத உத்தியோகமாகவே ஆகிவிட்டது. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சென்னையிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி: நாங்கள் நான்கு பேர். பிப்ரவரி கடைசியில் 12 நாள். கௌரி கிளிஃப்ஸ், தே அராய், வைராக்கெய், கேப் கிட்னாப்பர்ஸ், பராபராவுமு, ஜாக்ஸ் பாயிண்ட், மில்புரூக் எல்லாம் சேர்த்து 10 மைதானம். அட்டவணை சரிதானா?

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், பாதியை வெட்டிவிடுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து ஆக்லாந்து சுமார் 10 மணி நேரம். நடுவில் காத்திருப்பதையும் சேர்த்தால் போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடும். மிச்சம் 10 நாளில் 10 மைதானம் என்பது காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கௌரி கிளிஃப்ஸ் வடகோடியில் இருக்கிறது, ஜாக்ஸ் பாயிண்ட் குயீன்ஸ்டவுனில், கிட்டத்தட்ட தென்கோடியில். (கௌரி என்றதும் நம் அம்மன் என்று நினைத்தார் ஒரு நண்பர். அது இங்குள்ள ஒரு ராட்சத மரத்தின் பெயர்.) இங்கே நெடுஞ்சாலை என்றால் பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம். மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். வரைபடம் மூன்று மணி நேரம் என்று காட்டினால் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் வந்த கோஷ்டி 11 நாளில் 9 ஆட்டம் ஆடியது. ஆறாவது நாள் ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு. ஏழாவது நாள் இன்னொருவர், "நீங்கள் ஆடுங்கள், நான் காரிலேயே தூங்குகிறேன்" என்றார். அவர் தூங்கியது கேப் கிட்னாப்பர்ஸ் வாசலில். கட்டிய பணம் கட்டியதுதான்.

என் யோசனை: வடக்குத் தீவு மட்டும். ஆக்லாந்தில் இறங்கி, ஒன்றரை மணி நேரத்தில் தே அராய். அங்கிருந்து தெற்கே டௌபோ ஏரிப் பக்கம் வைராக்கெய். பிறகு ஹாக்ஸ் பேயில் கேப் கிட்னாப்பர்ஸ், கடைசியில் பராபராவுமு. வெல்லிங்டனில் காரை ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறலாம். நாலு இடம், நடுவில் ஓய்வு நாள்கள். குயீன்ஸ்டவுனை விட மனமில்லை என்றால் அதை மட்டும் தனிப் பயணமாக வையுங்கள்.

இன்னொன்று. நியூசிலாந்து ஓபன் போட்டி பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் மில்புரூக்கில் நடக்கும். அந்த நாள்களில் நீங்கள் போனால் கயிற்றுக்கு வெளியே நின்று கை தட்டலாம், ஆட முடியாது.

அதே நண்பர்: இறங்கிய மறுநாளே ஆடலாமா?

ஆடலாம், ஆனால் காலையில் வேண்டாம். கோடையில் இங்கே கடிகாரம் இந்தியாவைவிட ஏழரை மணி நேரம் முன்னால் ஓடும். காலை 7 மணிக்கு டீயில் (முதல் அடி அடிக்கும் இடத்தில்) நின்றால் உங்கள் உடம்புக்கு அது இரவு பதினொன்றரை. அதுவே பகல் 2 மணி என்றால் சென்னைக் கணக்கில் காலை ஆறரை. நீங்கள் ஊரில் வழக்கமாக ஆரம்பிக்கும் நேரம்! ஜனவரியில் ஆக்லாந்தில் இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை. மதிய நேரத்துக்குச் சில கிளப்புகளில் கட்டணமும் குறைவு.

லண்டனிலிருந்து ஒரு தம்பி: எங்களுக்கு 13 மணி நேர வித்தியாசம் அண்ணா. அதற்கும் இதே கணக்குத்தானா?

இல்லை தம்பி, உங்களுக்குப் பகலும் இரவும் தலைகீழ். எந்தக் கணக்கும் உதவாது. முடிந்தால் வழியில் இரண்டு இரவு தங்குங்கள். சிங்கப்பூர் என்பார்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அம்மா அப்பா இருந்தால் அங்கேயே தங்கிவிட்டு வாருங்களேன், பாதி தூரம் உடம்பு பழகிவிடும். ஒரே மூச்சில்தான் வருவேன் என்றால், முதல் மூன்று நாள் பெரிய மைதானம் எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

கோவையிலிருந்து: சொந்த கோல்ஃப் செட்டை எடுத்து வரவா, அங்கே வாடகைக்கு எடுக்கவா?

மூன்று ஆட்டத்துக்குக் குறைவென்றால் வாடகை. அதற்கு மேல் என்றால் சொந்தம். டிக்கெட் போடும்போதே பை எடையில் கணக்கா, எண்ணிக்கையில் கணக்கா என்று பாருங்கள், ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சட்டம். கட்டும்போது டிரைவர் மட்டையின் தலையைக் கழற்றி ஒரு சாக்ஸில் போடுங்கள். பையின் நடுவே மிக நீளமான மட்டையைவிட இரண்டு விரல் உயரமாக ஒரு கம்பை நட்டுவிடுங்கள். யாராவது தலைகீழாகப் போட்டாலும் அடி கம்புக்குத்தான். வீட்டு மாப் குச்சியை வெட்டிக்கூடச் செய்யலாம், நான் அப்படித்தான் செய்தேன். அந்தப் புத்தி வந்தது என் டிரைவர் இரண்டு துண்டாக வந்து சேர்ந்த பிறகுதான். எந்த விமானம் என்று கேட்காதீர்கள். கட்டுவதற்கு முன்பு எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை. நீங்கள் எடுத்து வையுங்கள். தூரம் பார்க்கும் கருவியில் லித்தியம் பேட்டரி இருந்தால் அதைக் கைப்பையில் வையுங்கள்.

திருச்சியிலிருந்து: ஷூவில் மண் இருந்தால் அபராதம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் அபராதம் மண்ணுக்கு அல்ல, சொல்லாமல் மறைத்ததற்கு. இந்த நாட்டின் பிழைப்பே பாலும் இறைச்சியும் பழமும்தான். வெளியூர் மண்ணில் ஒரு விதையோ பூச்சியோ கிருமியோ வந்துவிட்டால் என்னாவது என்ற பயம் இவர்கள் ரத்தத்தில் ஊறியது. வருவதற்கு முன் இணையத்தில் பயண அறிவிப்பு ஒன்றை நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. அதில் வெளியில் பயன்படுத்திய ஷூ, விளையாட்டுச் சாமான் இருக்கிறதா என்ற கேள்விக்கு "ஆம்" என்று போடுங்கள். அதிகாரி பையைத் திறந்து பார்ப்பார். சுத்தமாக இருந்தால் ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடுவார். "இல்லை" என்று போட்டு மாட்டினால் அங்கேயே 400 டாலர்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பழைய பல் துலக்கும் பிரஷை எடுத்து உட்காருங்கள். ஷூ ஸ்பைக்குகளின் இடுக்கு, அயர்ன் மட்டைகளின் பள்ளக்கோடுகள், டிராலி சக்கரம், பையின் அடிப்பாகம். எல்லோரும் மறப்பது பக்கவாட்டு ஜிப் அறை. அதற்குள்தான் மண் ஒட்டிய டீக் குச்சியும் (பந்தை ஏற்றி வைப்பது), காய்ந்த புல்லும், என்றைக்கோ வைத்த கடலை மிட்டாயும் இருக்கும். கழுவி, வெயிலில் காய வைத்துக் கட்டுங்கள்.

சாப்பாட்டுச் சாமானுக்கும் இதே சட்டம். தேன் கூடவே கூடாது. பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். பொடி, ஊறுகாய் எதுவானாலும் எழுதிவிடுங்கள். பிடுங்கிக்கொண்டாலும் பொடிதான் போகும், 400 டாலர் போகாது.

மதுரையிலிருந்து: கேடி (பை சுமந்து கூடவே வந்து வழி சொல்பவர்) கிடைப்பார்களா?

உயர்தர ரிசார்ட் ஒன்றிரண்டில் முன்கூட்டியே சொன்னால் கிடைக்கலாம். மற்ற இடத்தில் நீங்களே கேடி. நம் ஊர் ஆட்டக்காரர்கள் திணறுவது இங்கேதான். பந்து எங்கே விழுந்தது, காற்று எப்படி, பட் (குழியை நோக்கி உருட்டும் அடி) எந்தப் பக்கம் வளையும், எல்லாவற்றையும் 30 வருடமாக இன்னொருவர் சொல்லிக் கேட்டவருக்குத் திடீரென்று கண் தெரியாத மாதிரி ஆகிவிடும். டிராலிக்கு இங்கே பெயர் "டிரண்ட்லர்". கவுண்டரில் அப்படிக் கேளுங்கள், சில டாலருக்குக் கொடுப்பார்கள். கூடவே ஒரு மணல் பாட்டிலும் தருவார்கள். மட்டை பெயர்த்த புல்லின் பள்ளத்தை நீங்களே நிரப்ப வேண்டும்.

அப்புறம் முக்கியமான விஷயம்: இங்கே தூரம் மீட்டரில். பலகையில் 150 என்று இருந்தால் அது 164 யார்டு. நம் ஊர்ப் பழக்கத்தில் 150-க்கான மட்டையை எடுத்து, பந்து குட்டையாக பங்கரில் (மணல் குழியில்) விழுந்ததும் "காற்று" என்று பழிபோடுபவர்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு சகோதரி: நான் ஆடுவேன், ஹேண்டிகேப் 30. கணவர் மட்டையைத் தொட்டதே இல்லை. இருவருக்கும் சரிவருமா? என்னை விடுவார்களா?

தாராளமாக விடுவார்கள். முந்தைய ஹோலில் (குழியில்) எவ்வளவு அடித்தீர்கள் என்று யாருக்கும் கவலை இல்லை, பின்னால் வருபவர்களைக் காக்க வைக்காமல் இருந்தால் போதும். ஹோலுக்கு ஹோல் புள்ளி எண்ணும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடுங்கள், கெட்டுப்போன ஹோலில் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டலாம். பந்து மட்டும் நிறையக் கொண்டு வாருங்கள்.

உங்கள் இருவருக்கும் நான் சொல்வது ரோட்டருவாவும் ஹாக்ஸ் பேயும். ரோட்டருவா கோல்ஃப் கிளப்பில் நடுநடுவே சேறு கொதித்துக் குமிழி விட்டுக்கொண்டிருக்கும், கந்தக வாசனை வேறு. அங்கே போன பந்தைத் தேடாதீர்கள். கணவர் அந்த நேரத்தில் வெந்நீர் ஊற்றில் கிடக்கலாம். ஹாக்ஸ் பேயில் நேப்பியர் ஊர் 1931 பூகம்பத்தில் இடிந்து, அடுத்த சில வருடங்களில் ஆர்ட் டெகோ பாணியில் மொத்தமாக எழும்பியது. தெருத் தெருவாக நடந்து பார்க்க ஒரு நாள் பத்தாது. சைவமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: ஊர்தோறும் ஓர் இந்தியக் கடை இருக்கும், ஆனால் இட்லியை எதிர்பார்க்காதீர்கள்.

பெங்களூரிலிருந்து: பணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரே ஒரு மைதானம் என்றால்?

கேப் கிட்னாப்பர்ஸ். டாம் டோக் வடிவமைத்து 2004-இல் திறந்தது. வாசலைத் தாண்டியபின் ஆட்டுப் பண்ணைக்கு நடுவே பல கிலோமீட்டர் ஓட்டிப் போனால்தான் கிளப் வீடே கண்ணில் படும். கை விரல்களை விரித்து வைத்த மாதிரி நிலம் கடலை நோக்கி நீண்டிருக்கும். ஆட்டம் விரல்களின் மேல், இடையில் பள்ளத்தாக்கு. கீழே சுமார் 140 மீட்டர் செங்குத்தாகக் கடல். 15-வது ஹோலுக்குக் கடற்கொள்ளையர் பலகை என்று பெயர். கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரைக்கு) பின்னால் வானம்தான், வேறெதுவும் இல்லை. இடதுபக்கம் இழுத்தால் பந்தைக் கண்ணால்கூட வழியனுப்ப முடியாது. இந்த முனைக்குப் பெயர் வைத்தவர் கேப்டன் குக், 1769-இல். அவர் கப்பலில் இருந்த தாஹித்தித் தீவுப் பையனை மாவோரிகள் தூக்கிப்போக முயன்ற இடம் இது. கட்டணம் பல நூறு டாலர். காற்று பலமாக அடிக்கும் நாளில் அழுகைகூட வரும்.

எனக்குச் சொந்தமாகப் பிடித்தது எது என்றால் பராபராவுமு பீச். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதும் ஒரு காரணம். மலையோ ஏரியோ இல்லை. மணல்மேடும் மடிப்பும் காற்றும்தான். டைகர் வுட்ஸ் 2002-இல் நியூசிலாந்து ஓபன் ஆட வந்தது இங்கேதான். அப்போது அவருடைய கேடி ஸ்டீவ் வில்லியம்ஸ் இந்தப் பகுதியில் வளர்ந்தவர், அவருக்காகத்தான் வந்தார். ஜெயித்தது கிரெய்க் பாரி. பந்தை உயரமாகத் தூக்கி கிரீனில் போடுபவர்கள் இங்கே அவதிப்படுவார்கள். 40 மீட்டர் முன்னால் தரையில் போட்டு உருட்டக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

சேலத்திலிருந்து: வெயில் எப்படி? 22 டிகிரி என்கிறார்கள், நமக்கு அது ஏசிதானே?

அப்படித்தான் நானும் நினைத்தேன். சுடாது, ஆனால் பொசுக்கும். இங்கே புற ஊதாக் கதிர் மிக அதிகம். கறுப்புத் தோலுக்கு என்ன வரும் என்று கிரீம் பூசாமல் ஆடிய முதல் கோடையில், கையுறை போட்ட இடது கை ஒரு நிறம், வலது கை ஒரு நிறம் ஆனது. ஒரு மாதம் கழித்தும் அப்படியே. தொப்பி, கிரீம், கூடவே மழைச் சட்டை. நாலு மணி நேரத்தில் நாலு காலமும் வரும்.

ஈரோட்டிலிருந்து: நாங்கள் சாதாரண ஆட்கள். இந்தப் பெரிய பெயர்களை விட்டால் ஆட இடம் இருக்கிறதா? ஆடு மேய்கிற மைதானம் என்று ஒருவர் சொன்னார், கிண்டலா?

கிண்டலே இல்லை. ஐம்பது லட்சம் சொச்சம் ஜனத்தொகைக்கு நானூறை ஒட்டி மைதானங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, சின்ன ஊர் விவசாயிகள் சேர்ந்து தாங்களே புல் வெட்டிப் பராமரிப்பவை. சில இடங்களில் புல் வெட்டும் வேலையையே ஆட்டிடம் விட்டுவிடுவார்கள். கிரீன் மேல் ஏறாமல் இருக்க அதைச் சுற்றிக் கம்பி வேலி இருக்கும். பந்து கம்பியில் பட்டால் என்ன செய்வது என்பது ஸ்கோர் அட்டையின் பின்பக்கம் இருக்கும். வாரநாளில் போனால் ஆளே இருக்காது. கதவருகே ஓர் இரும்புப் பெட்டி, பக்கத்தில் உறைகள். உறையில் பெயர் எழுதி, 20 அல்லது 30 டாலரை வைத்துப் போட்டுவிட்டு நீங்கள்பாட்டுக்கு ஆட வேண்டியதுதான். யாரும் சரிபார்க்க மாட்டார்கள்.

என் விருந்தாளிகள் ஊருக்குப் போய் அனுப்பும் படங்களில் பாதி இந்த இடங்களில் எடுத்தவைதான். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் கார்டு தேய்த்தே பழகியிருப்பீர்கள். இந்தப் பெட்டி கார்டு வாங்காது, காரில் ஐந்தாறு 20 டாலர் தாள் வைத்திருங்கள். ஷூவையும் கிளம்புவதற்கு முன்பே துடைத்துவிடுங்கள், ஆட்டுப் புழுக்கை காரில் ஏறினால் வாடகைக் கம்பெனி சுத்தம் செய்யத் தனியாகப் பணம் கேட்கும்.