ஒரு சாண் கபுரும் ஒரு படகும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உம்ரா முடித்துவிட்டு உம்மாவுடன் கெய்ரோ வழியாகத் திரும்புகிறேன். அங்கே அடங்கியிருக்கும் மார்க்கச் சட்ட மேதை ஷாஃபி இமாமின் கபுரை (அடக்கத்தலத்தை) ஜியாரத் செய்ய, அதாவது போய்ப் பார்த்து வர வேண்டும் என்பது உம்மாவின் நெடுநாள் ஆசை. நண்பரோ, "கபுரைத் தேடிப் போனால் அது ஷிர்க்கில், அல்லாஹ்வுக்கு இணை வைப்பதில், கொண்டுபோய் விடும், உம்மாவைத் தடுத்துவிடு" என்கிறார். நீங்கள் அங்கே போயிருப்பதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். போகலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

போய் வாருங்கள். கபுர்களுக்குப் போவதை முதலில் தடுத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பிறகு அனுமதித்தார்கள். அது மறுமையை நினைவூட்டும் என்று காரணமும் சொன்னார்கள்.

அதற்காக உங்கள் நண்பரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அவர் பக்கம் பெரிய சாட்சி ஒருவர் இருக்கிறார்: ஷாஃபி இமாமேதான். கபுர் தரைக்கு மேல் ஒரு சாண் தெரிந்தால் போதும், அதன்மேல் கட்டடம் எழுப்பாமல், சுண்ணாம்பு பூசாமல் விடுவதே தமக்கு விருப்பம் என்று 'அல் உம்மு' நூலில் சொல்கிறார். மக்காவில் அப்படிக் கட்டியவற்றை ஆட்சியாளர்கள் இடித்ததைப் பார்த்ததாகவும், மார்க்க அறிஞர்கள் யாரும் அதைக் குறை சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

இப்படி எழுதியவரின் தலைக்கு மேல்தான் கெய்ரோவின் மிக அழகான குப்பாக்களில் (குவிமாடங்களில்) ஒன்று நிற்கிறது! இமாம் மறைந்தது 820-இல். ஷியா பிரிவினரான பாத்திமியரின் ஆட்சியை 1171-இல் முடித்துவைத்த ஸலாஹுத்தீன், எகிப்து மறுபடி சுன்னத் வல் ஜமாஅத்தின் நாடு என்று ஊரறியச் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு இமாமின் கபுர் தோதாக அமைந்தது. பக்கத்தில் மதரஸா கட்டினார். 1178-இல் கபுரின் மேல் வேலைப்பாடுமிக்க மரப்பேழை வந்தது. 1211-இல் அவருடைய தம்பி மகன் அல் காமில் ஈயத் தகடு வேய்ந்த அந்தப் பெரிய மரக் குப்பாவை எழுப்பினார். சும்மா சொல்லக்கூடாது, அந்த மர வேலையைப் பார்த்தபோது என் கருத்தெல்லாம் கொஞ்ச நேரம் ஓரமாய்ப் போய்விட்டது.

குப்பாவின் உச்சியில் பிறைக்குப் பதில் ஒரு சின்ன உலோகப் படகு இருக்கும். உம்மாவுக்குக் காட்டுங்கள். பறவைகளுக்குத் தானியம் வைக்க என்பார்கள். பழைய அரபிக் கவிதை ஒன்றோ வேறு சொல்கிறது: இமாம் மறைந்ததும் அறிவு வெள்ளம் வடிந்தது, நூஹ் நபியின் கப்பல் ஜூதி மலையில் தங்கியதுபோல் இந்தப் படகு இந்தக் கபுரின் மேல் தங்கிவிட்டது என்று.

நான் போனது, 2021-இல் முடிந்த சீரமைப்பு வேலை தொடங்குவதற்கு முன்பு. கபுரைச் சுற்றிய மரத்தட்டிக்குள்ளே மடித்த காகிதங்கள் கிடந்தன. இமாமுக்குக் கடிதங்கள்! தபாலிலும் வருவதுண்டு. 1950-களில் வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களை எகிப்திய சமூகவியலாளர் ஸையித் உவைஸ் ஆராய்ந்து புத்தகமே எழுதியிருக்கிறார். களவு போன பொருள், தீராத நோய், அநியாயம் செய்த உறவுக்காரன் என்று காஜியிடம் வழக்குப் போடுவதுபோல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்பதை அல்லாஹ்விடம்தான் கேட்க வேண்டும். ஆனால் நான் நின்றிருந்தபோது ஒரு வயதான அம்மா பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த கோடுபோட்ட தாளை நாலாக மடித்து, தட்டியின் இடுக்கில் விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். தாள் நுழையவில்லை. இன்னொரு மடிப்பு மடித்தார். அவரிடம் போய் ஃபத்வா சொல்ல எனக்கு நா எழவில்லை.

இன்னொன்றும் உண்டு. பாக்தாதில், இன்னொரு மத்ஹபின் (சட்ட வழியின்) தலைவரான அபூ ஹனீஃபா இமாமின் கபுருக்குப் பக்கத்தில் சுபுஹ் என்னும் அதிகாலைத் தொழுகை தொழுத ஷாஃபி இமாம், தம் மத்ஹபில் உள்ள, அவருடைய மத்ஹபில் இல்லாத குனூத் என்னும் துஆவை அன்று ஓதாமல் விட்டாராம். காரணம் கேட்டதற்கு, இந்தக் கபுரில் இருப்பவருக்கான அதபு, மரியாதை என்றாராம். இந்தக் கதையை உங்கள் நண்பரிடமும் சொல்லிப் பாருங்கள்.

உள்ளே போனதும் "அஸ்ஸலாமு அலைக்கும் யா அஹ்லல் குபூர்" என்று சலாம் சொல்லுங்கள். ஃபாத்திஹா ஓதி, இமாமுக்காக துஆ செய்யுங்கள். தட்டியைப் பிடித்துத் தொங்க வேண்டாம். வெள்ளிக்கிழமை கூட்டம் நெரியும், வேறு நாளில் போனால் உம்மா நிதானமாக உட்கார்ந்து ஓதலாம். அப்புறம், உம்மாவின் கைப்பையில் மடித்த தாள் ஏதாவது இருந்தால், அதைப் பிரித்துப் படிக்காதீர்கள்.