சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை: மாமியார் டிவி பார்க்க என்ன வழி?

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மாமியாருக்கு 76 வயது. டிவி சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும், "பேசுறது கேக்குது, என்னன்னுதான் புரியல" என்கிறார். பக்கத்து வீட்டார் கோபித்துக்கொள்கிறார்கள். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டதால் முகங்களும் அவருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. இப்போது இருப்பது 50 அங்குல டிவி. 3 மீட்டர் தள்ளி உட்கார்கிறார். இன்னும் பெரியதாக வாங்கலாமா?

பதில்: டிவியை மாற்ற வேண்டாம், நாற்காலியை நகர்த்துங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் படம் கண்ணுக்கு இரண்டு மடங்காகும். 1.5 மீட்டரில் இந்த 50 அங்குலமே, இப்போதைய இடத்தில் 100 அங்குல டிவி வைத்ததற்குச் சமம். கிட்டே உட்கார்ந்தால் கண் கெடும் என்று வீட்டில் யாராவது தடுப்பார்கள்; கெடாது.

ஆனால் கண்ணாடியைக் கவனியுங்கள். தூரத்தில் உள்ளதைப் பார்க்கப் போடும் கண்ணாடி 1.5 மீட்டருக்குச் சற்றுக் குறைவுபடும். இந்த வயதில் கண் தானாகக் குவியத்தைச் சரிசெய்துகொள்ளாது. ஏறக்குறைய 0.75 பிளஸ் பவர் கூட்டி, டிவிக்கென்றே ஒரு கண்ணாடி தேவையா என்று பரிசோதகரிடம் கேளுங்கள். இரட்டைப் பவர் கண்ணாடியோடு சாய்ந்து படுத்துப் பார்த்தால், படிப்பதற்கான கீழ்ப்பகுதி வழியாகப் பார்வை போய்ப் படம் மங்கும். நடுப்பார்வை குறைந்தவர்கள் நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் முகம் பிடிபடும். எந்தப் பக்கம் என்று அவரே தலையைத் திருப்பிக் கண்டுபிடிக்கட்டும். நாற்காலியை அதற்கேற்பத் திருப்பிப் போடுங்கள். டிவிக்கு எதிரே ஜன்னல் இருந்தால் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.

இனி காது. அவர் சொல்வது மிகத் துல்லியமான விவரம். வயதோடு வரும் செவித்திறன் குறைவில் முதலில் நழுவுவது உயர்ந்த ஒலிகள். உயிரெழுத்துகள் தாழ்ந்த ஒலியில் பலமாக வருவதால், யாரோ பேசுவது தெரியும். சொல்லைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் மெல்லியவை, பலவும் உயர்ந்தவை. அவை விழாதபோது சட்டம், பட்டம், கட்டம் மூன்றும் ஒன்றுபோலவே கேட்கும். சத்தத்தைக் கூட்டினால் உயிரொலியும் பின்னணி இசையும் சேர்ந்தே கூடும், சொல் தெளியாது. போதாததற்கு, தட்டை டிவிகளில் ஒலிபெருக்கி பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும். மேலே விசிறி, கீழே வெறும் தரைக்கல் என்றால் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் காசில்லாத வேலை: ஒலி அமைப்பில் பேச்சைத் தெளிவாக்கும் 'கிளியர் வாய்ஸ்' போன்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள். தாழ்ந்த ஒலியான பாஸைக் குறைத்து, உயர்ந்த ஒலியான டிரெபிளைக் கூட்டுங்கள். சுற்றிலும் ஒலி வருவதுபோல் காட்டும் சரவுண்டை அணையுங்கள்.

அதிலும் தெளியாவிட்டால், ஒலியைக் காதருகே கொண்டுபோவதுதான் உண்மையான தீர்வு. டிவிக்கென்றே வரும் வயர்லெஸ் ஹெட்போன் நல்லது. ஹெட்போனை வைக்கும் தாங்கி டிவியோடு இணையும், அதிலேயே சார்ஜும் ஆகும். சாதாரண புளூடூத் ஹெட்போனில் ஒலி சற்றுப் பிந்தி வரலாம். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்கு அது பெரிய இடைஞ்சல். அந்தத் தாங்கியை, ஒலியை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் கம்பியில் இணைத்து ஒன்றுமே கேட்காவிட்டால் கருவி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். டிவியின் டிஜிட்டல் ஒலி வெளியீடு, இத்தகைய ஹெட்போன் பலவற்றுக்குப் புரியாத டால்பி ஒலி வடிவில் இருக்கலாம். டிவியின் ஒலி அமைப்பில் அதைச் சாதாரண வடிவமான 'பிசிஎம்' என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஹெட்போன் துளையில் செருகினால் பல டிவிகளில் மற்றவர்களுக்குச் சத்தம் நின்றுபோகும். ஆகவே கடைக்குப் போகும் முன் டிவியின் பின்புறத் துளைகளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்போன், டிவி ஒலிபெருக்கி இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒலி வருமா என்று மாடல் எண்ணைக் காட்டிக் கேளுங்கள். காது கருவி அணிந்தால், அதே நிறுவனத்தின் டிவி இணைப்புப் பெட்டியை விசாரியுங்கள். வேறு நிறுவனத்தின் பெட்டி பொதுவாக அதோடு சேராது.

எதையும் வாங்குவதற்கு முன் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் காதைக் காட்டிவிடுங்கள். அடைத்த குறும்பியை எடுத்தாலே பாதி தெளிந்தவர்கள் உண்டு. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலோ, நேர்கோடுகள் வளைந்து தெரிய ஆரம்பித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டிலும் தாமதித்தால் இழந்தது திரும்பாமல் போகலாம்.