ஒய் குரோமோசோம் இல்லாமல் ஆண் எலி பிறக்குமா?

பிறக்கும். ஈரான், கிழக்குத் துருக்கி, காக்கசஸ் பகுதிகளில் முன்பற்களாலேயே மண்ணைக் குடைந்து வாழும் எல்லோபியஸ் லூட்டெசென்ஸ் என்ற வளை எலி அப்படித்தான் பிறக்கிறது.

ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பவை பால் குரோமோசோம்கள். பாலூட்டிகளில் பொதுவாகப் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். இந்த எலியில் இரு பாலுக்கும் மொத்தம் 17 குரோமோசோம்கள்தான்: 8 ஜோடி, கூடவே துணையில்லாத ஒற்றை எக்ஸ்.

ஒய் ஏன் தேய்கிறது? மற்ற குரோமோசோம்கள் தம் ஜோடியோடு துண்டுகளை மாற்றிக்கொள்ளும், பழுது கழியும். ஒய்யின் பெரும்பகுதிக்கு அந்த வாய்ப்பில்லை. ஜெராக்ஸையே திரும்பத் திரும்ப ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி, ஒருமுறை அழிந்த எழுத்து அழிந்ததுதான். இந்த எலியில் ஆண்மையைத் தொடங்கிவைக்கும் எஸ்ஆர்ஒய் மரபணுவே போய்விட்டது. அந்த வேலையை இப்போது எது பார்க்கிறது என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை.

விலை கொஞ்சமல்ல. விந்திலும் முட்டையிலும் பாதிக்கு எக்ஸ் இருக்கும், பாதிக்கு இருக்காது. இரண்டு எக்ஸ் சேர்ந்த கருவும், எக்ஸே இல்லாத கருவும் பிழைப்பதில்லை. நாலு கருவில் இரண்டு வீண்!

மண்ணுக்கடியில் வாழ்வதால்தான் ஒய் போனது என்று நினைக்கத் தோன்றும்; ஆனால் இந்த எலியின் நெருங்கிய உறவான எல்லோபியஸ் ஃபஸ்கோகேப்பிலஸும் வளை தோண்டியே வாழ்கிறது, அதன் ஒய் பத்திரமாக இருக்கிறது.