அம்மா மாத்திரையை நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. ஏழு வருடமாகச் சர்க்கரை. கூடலூரிலிருந்து தினமும் ஜீப்பில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். காலை ஐந்தரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பினால் பத்தரைக்குத்தான் சாப்பாடு. இப்போது ஒரு நாள் போட்டால் இரண்டு நாள் போடுவதில்லை. கேட்டால், "போட்டா கிறுகிறுன்னு வருது" என்கிறார். மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.2 வந்திருக்கிறது. கம்பம் அரசு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரை, குமுளியில் ஒரு டாக்டர் எழுதிய மாத்திரை, இரண்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். எவ்வளவு திட்டியும் பயனில்லை. அவரை எப்படிச் சொல் கேட்க வைப்பது?
(ஒரு மகள், கூடலூர், தேனி மாவட்டம்)

பதில்: முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அரசு மருத்துவமனை மாத்திரைகள் மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 1. குமுளி மாத்திரையின் பெயரும் நிறமும் வேறு. ஆனால் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பது கிளிமிபிரைடு 2, மெட்ஃபார்மின் 500. அதே மருந்துதான், இன்னொரு பெயரில். இரண்டையும் போட்ட நாளில் கிளிமிபிரைடு மட்டும் மூன்று மில்லிகிராம் உள்ளே போயிருக்கிறது. அதுவும் வெறும் வயிற்றில். அப்புறம் பத்தரை வரை மலையில் குனிந்து காய் எடுத்தால் கிறுகிறுக்காமல் என்ன செய்யும்?

கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து. சாப்பிட்டாரா இல்லையா என்று அது பார்க்காது. உடல் உழைப்பும் தன் பங்குக்கு ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இப்படித் தாழ்வது அபூர்வம். ஆக, அம்மா பிடித்தது அடம் இல்லை. உடம்பு சொன்னதைக் கேட்டிருக்கிறார். எதை விடுவது என்று சொல்லித்தர ஆளில்லாததால் எல்லாவற்றையும் சேர்த்து விட்டுவிட்டார், 9.2 வந்தது அதனால்தான். கேரள எல்லைப் பக்கத்தில் இது சகஜம். இங்கே ஒரு சீட்டு, மேலே ஒரு சீட்டு, இரண்டு டாக்டரும் அடுத்தவர் சீட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த வாரமே ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். ஐந்தரை மணி ஜீப், பத்தரை மணிச் சாப்பாடு, இதையும் சொல்லுங்கள். மருந்தையே மாற்றவேண்டி வரலாம். அதுவரை குமுளி மாத்திரை வேண்டாம். அரசு மருத்துவமனை மாத்திரையை மட்டும், இரண்டு இட்லியாவது சாப்பிட்டுக்கொண்டே போடட்டும். சாப்பிட முடியாத காலையில் கிளிமிபிரைடையும் போடவேண்டாம்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சொல் கேட்க வைக்கவேண்டாம். தெரிந்துகொள்ள வையுங்கள். ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி அம்மா கையில் கொடுங்கள். நீங்கள் குத்திப் பார்த்து "பாரு, 260" என்று சொன்னால் அதுவும் திட்டுதான். அவரே குத்தட்டும். சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, விரல் நுனியின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. பன்னீர் திராட்சை உரித்த கையோடு பார்த்தால் விரலில் ஒட்டிய சாறே எண்ணை ஏற்றிக் காட்டும். ஸ்ட்ரிப் விலை கையைக் கடிக்கும், தினமும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு, வாரம் மூன்று நாள், எழுந்ததும் ஒருமுறை, இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை போதும். எண்ணை மாதக் காலண்டரின் கட்டத்துக்குள் அவரே எழுதட்டும். வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டபின் 180க்குள், 70க்குக் கீழே போனால் ஆபத்து. கூலிக் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் கங்காணியிடம் கேட்கத் தெரிந்தவருக்கு இந்த நாலு எண் ஒரு பாரமா?

ஒரு நாள் வழக்கமான சோறு, மறுநாள் ஒரு கரண்டி குறைத்துக் கூடவே நிறைய காய் என்று சாப்பிட்டுவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும் சாப்பிட்ட இரவிலும் பார்க்கட்டும். மட்டை அரிசியில் (கேரளச் சிவப்பு அரிசி) சர்க்கரை ஏறாது என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அதுவும் அரிசிதான் என்று நான் பத்து தடவை சொல்வதைவிட மீட்டர் ஒரு தடவை காட்டினால் போதும்.

கிறுகிறுப்பு, வியர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி வந்தால் வேலையை அப்படியே விட்டு உட்காரவேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை, அல்லது அதே அளவு குளுக்கோஸ் பொடியை, தண்ணீரில் கரைத்துக் குடிக்கட்டும். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. அப்புறம் சாப்பாடு. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு வேகத்தைக் குறைத்துவிடும். சர்க்கரைப் பொட்டலம் இடுப்புச் சுருக்குப்பையில் இருக்கவேண்டும். தூக்குவாளியோடு ஜீப்பில் விட்டுவிட்டால் பயனில்லை. கூட வேலை செய்யும் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்கவேண்டும். இரு மாநிலத்திலும் அதே எண்தான். (மற்ற நேரத்துக் கட்டன் சாயாவில் சர்க்கரை வேண்டாம் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லையே?)

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். ஊழியர் வரும் பகல் நேரத்தில் அம்மா மலையில் இருப்பார், அதனால் நீங்கள் வாங்கி வையுங்கள். உங்கள் பங்கு அதோடு சரி. எண்ணி வைத்துக் காவல் காக்கவேண்டாம்.

கால்தான் எனக்குக் கவலை. நாள் முழுக்க ரப்பர் பூட்ஸுக்குள் ஈரம், கூடவே அட்டைக்கடி. ஏழு வருடச் சர்க்கரையில் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம், கடித்தது தெரியாது. வீடு திரும்பியதும் கால் கழுவி, விரலிடுக்கை நன்றாகத் துடைத்து, உள்ளங்காலை ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும். கடிவாயில் புகையிலையோ சுண்ணாம்போ வைக்கவேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். சிவந்து வீங்கினாலோ நீர் வடிந்தாலோ ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.