மெஷினில் போடலாமா, தொப்பியை?

கேள்வி: சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் என் மகன் தலையில் அந்த மஞ்சள் தொப்பிதான். நெற்றிப் பட்டையில் வியர்வை உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்து நாறுகிறது. வாஷிங் மெஷினில் போடலாமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டவே வேண்டாம்மா. மெஷின் சுற்றுகிற சுற்றில் தொப்பி நசுங்கிவிடும். முதலில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை விரலால் சுண்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலித்தால் உள்ளே அட்டை. பழைய தொப்பிகள் பலவற்றில் அதுதான். அட்டை ஊறினால் பழைய வளைவு திரும்பாது. ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் என்றால் கவலையில்லை. ஈரமான வெள்ளைத் துணியை உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டாவிட்டால் பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து ஊற வையுங்கள். வெந்நீர் ஆகாது, கம்பளித் தொப்பி சுருங்கியே போகும். அழுக்கெல்லாம் நெற்றிப் பட்டையில்தான் இருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தையலோரமாகப் பொறுமையாகத் தேயுங்கள். எம்பிராய்டரி பக்கம் பிரஷ் போகவே கூடாது, நூல் பிசிறடிக்கும். பிளீச்சும் வேண்டாம். கடைசியாக அலசுவதற்காவது மெட்ரோ வாட்டர் எடுங்கள்; போர் தண்ணீரில் உப்பு அதிகமிருந்தால் காய்ந்ததும் திட்டுத் திட்டாகத் தெரியும்.

பிழியாதீர்கள். துண்டில் ஒற்றி, தலையளவு எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி, ஃபேன் காற்றில் வையுங்கள். மொட்டைமாடி வெயிலில் மஞ்சள் வெளுத்துவிடும். நம்ம ஊர் புழுக்கத்துக்குப் பட்டை காய நேரமாகும். மேட்சுக்கு முந்தின ராத்திரி துவைக்க உட்காராதீர்கள்.